வாசலில் விற்றவன்

அத்தியாயம் 11

அர்ஷத்தை ஏற்றிக்கொண்டு போன ஜீப், தெருமுனையில் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் தம்பி திரும்பிப் பார்ப்பான் என்று உமைரா காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை மட்டும், யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி தெரிந்தது.

அப்போது காலை ஆறரை மணி.

அவன் செய்தது ஒன்றுதான். மூன்று வாரங்களுக்கு முன்னால், பழைய பொருட்களை விற்கும் ஆப் ஒன்றில் ரஷீத் என்ற பெயரில் ஒருவன் விளம்பரம் போட்டிருந்த கைபேசியை வாங்கினான். அதில் தன் சிம்மைப் போட்டான். பின்பக்கத்தில் யாரோ ஒட்டியிருந்த மயில் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தான், முழுதாகப் போகவில்லை. அப்படியே வைத்துக்கொண்டான்.

அது, சிப்காட்டுக்குப் பின்னால் ரயில் பாதையோரம் இறந்து கிடந்த ஒடிசா தொழிலாளியின் கைபேசி. அவர் தலையில் இருந்த காயம் ரயில் அடித்ததல்ல என்று பிரேதப் பரிசோதனை சொல்லிவிட்டது. மயிலை ஒட்டியது அவருடைய நான்கு வயது மகள்.

ஜீப் வந்தபோது வாப்பா கிஃபாயத்துல்லா தூங்கிக்கொண்டிருந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரம் ஆகிறது. மாத்திரைத் தூக்கம். உம்மா ஆபிதா அவர் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"அர்ஷத் எங்கன்னு கேட்டா டபுள் ஷிஃப்டுன்னு சொல்லு. வேற ஒன்னும் பேசாத" என்றாள் மகளிடம்.

ஒன்பது மணிக்கு இருவரும் ஸ்டேஷனில் இருந்தார்கள்.

எஸ்.ஐ. சாராள் கத்துகிற ஆள் இல்லை. அதுவே உமைராவுக்குப் பயமாக இருந்தது. கைபேசியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை மேல் வைத்திருந்தார். அர்ஷத் எதிரே பெஞ்சில், கம்பெனிச் சட்டையோடு.

"பில்லு?"

"இல்ல மேடம்."

"பாக்ஸு?"

"ஊடு மாத்தும்போது தொலைஞ்சிடுச்சின்னான்."

"விக்கறவன் எல்லாம் இதத்தான் சொல்றான். வாங்கறவன் எல்லாம் இதத்தான் நம்பறான். ஐடி கேட்டியா?"

அர்ஷத் அக்காவைப் பார்த்தான். "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி பள்ளிவாசல் கேட்டாண்ட நிக்கறேன் பாய்னு சொன்னான். நானும் நல்ல எடமாச்சேன்னு போனேன். சுத்தி நூறு பேரு. எனக்குத் தெரிஞ்ச பெரியவங்க வேற. அங்க நின்னுகினு ஐடி காட்டுன்னு எப்டி மேடம் கேக்கறது?"

"தொழுகைல அவனப் பாத்தியா?"

"வெளிய வந்தப்பதான் பாத்தேன். தொப்பி போட்டிருந்தான். சலாம் சொன்னான்."

"உள்ள இருந்து வந்தானா, ரோட்லேந்து வந்தானா?"

"கவனிக்கல மேடம்."

சாராள் பெருமூச்சு விட்டார். "பகல்ல போங்க, கூட்டம் இருக்கற எடத்துல பாருங்கன்னு நாங்கதான் போஸ்டர் அடிச்சி ஒட்டறோம். ரெண்டையும் பண்ணிட்டு வந்து மாட்டிக்கினு நிக்கற மொத ஆளு நீதான்பா."

அந்த ரஷீத்தின் கணக்கு ஆப்பில் இப்போது இல்லை. உரையாடலும் இல்லை. அவனுடைய எண் வேறு யாரோ ஒரு முதியவர் பெயரில் எடுக்கப்பட்டது.

வெளியே வந்ததும் சாராள் உமைராவிடம் தனியாகச் சொன்னார். "நாளைக்குக் காலைல ஆறரைக்குள்ள இவன மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ள வித்தவன் யாருன்னு புடிக்க எதனா ஒன்னு கெடைச்சா, ஒன் தம்பி சாட்சி. கெடைக்கலன்னா, செத்தவரு போனு இவன் கைல இருந்திருக்கு. கொலக்கேசும்மா. எனக்கு வேற வழி இல்ல."

ஆபிதா பர்தாவின் கைப்பகுதியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவிலேயே உமைரா தேட ஆரம்பித்தாள்.

அவளிடம் ஒரு படம் இருந்தது. வாங்குவதற்கு முன் அர்ஷத் அனுப்பிய விளம்பரப் படம். 'நல்லா இருக்கா அக்கா?' என்று கேட்டிருந்தான். அவள் கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தாள். கைபேசியை ஒரு பச்சைத் துணி மேல் வைத்து எடுத்திருந்தார்கள். துணியின் மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, பிறைநிலா போல. அன்றைக்கு அது அழகாகக்கூட இருந்தது.

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அத்திப்பட்டு என்று ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டே போனாள். எத்தனை வீடுகளின் எத்தனை பொருட்கள்! குழந்தைத் தொட்டில், ஒரு முறையே கட்டிய பட்டுப்புடவை, ஓடாத வாஷிங் மெஷின். யார் யாரோ தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்தது போல இருந்தது.

நூற்றுச் சொச்சம் படங்களுக்குப் பிறகு அந்தப் பச்சைத் துணி வந்தது. அதே மூலை. அதே தழும்பு. மேலே வேறொரு கைபேசி. விற்பவர் பெயர்: பாலாஜி.

"உம்மா" என்றாள். திரையை ஆபிதா பக்கம் திருப்பினாள். மறுபடி, "உம்மா."

தன்னோடு மருந்துக் கடையில் வேலை செய்யும் நந்தினியிடம் கேட்டு, அவள் கணக்கில் நுழைந்து செய்தி அனுப்பினாள். 'போன் இருக்கா அண்ணா? இன்னிக்கே வேணும்.'

இரண்டே நிமிடம்.

'வணக்கம் நந்தினி சிஸ்டர். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலுக்கு வருவேன். ரயில்வே கேட் தாண்டி இருக்கே, அந்தக் கோயில் வாசல்லயே வாங்கிக்குங்க. பொண்ணுங்க தனியா வர்றதுக்கு சேஃபான எடம். 12.15.'

உமைரா அதை இரண்டு முறை படித்தாள். பெயரைப் பார்க்கிறான். பெயருக்கு ஏற்ற வாசலைத் தேர்ந்தெடுக்கிறான். அவ்வளவுதான் அவன் தொழில் ரகசியம். தம்பிக்குப் பள்ளிவாசல், நந்தினிக்குக் கோயில். அங்கே வந்து நிற்பவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சாராளுக்குப் போன் செய்தாள்.

"தனியாப் போகாத. நான் அமைச்சர் பந்தோபஸ்துல இருக்கேன். பன்னெண்டேகாலுக்குள்ள எப்டியாவது வந்துடறேன். அதுக்கு முன்னாடி அவன் வந்தா பேச்சு குடுத்து நிறுத்தி வை. பணத்த எடுக்காத, வண்டில ஏறாத, புரியுதா?"

"புரியுது மேடம்."

வீட்டில் உமைரா பர்தாவைக் கழற்றி மடித்தாள். நீலச் சுடிதார், துப்பட்டாவை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டாள். தெருக்கடையில் வாங்கி வந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்தாள். கண்ணாடியில் உம்மாவின் முகம் பின்னால் தெரிந்தது. ஏதாவது சொல்வாள் என்று கை அப்படியே நின்றது.

"கோணையா வெக்காத. நடுவுல வை" என்றாள் ஆபிதா.

உள்ளே இருந்து வாப்பா கூப்பிட்டார். "எங்க ரெண்டு பேரும் கெளம்பிக்கினு இருக்கீங்க?"

"நந்தினி ஊட்ல ஒரு விசேஷம். ஒரு மணிக்குள்ள வந்துடுவோம்" என்றாள் ஆபிதா. பொய் சொல்லும்போது அவள் குரல் எப்போதையும் விடக் கனிவாக இருந்தது.

உச்சி பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். கோயில் வாசலில் பூக்காரி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் என்று சொல்ல ஒரு நாய்தான் இருந்தது. எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். அதன் சிமென்ட் பெஞ்சில் ஆபிதா, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல.

பன்னிரண்டு பத்துக்கே அவன் வந்துவிட்டான். ஸ்கூட்டரைப் பஸ் ஸ்டாப் நிழலில், ஆபிதாவுக்குப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நெற்றியில் விபூதி, நடுவில் குங்குமம். செருப்பைக் கழற்றி, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகுதான் அவளிடம் வந்தான். வங்கியில் டோக்கன் எண் கூப்பிடும் ஆளைப் போல, பார்த்த அடுத்த நிமிடமே மறந்துவிடக்கூடிய முகம். மறக்கக் கூடாது, மறக்கக் கூடாது என்று உமைரா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இடது புருவத்தில் ஒரு சிறிய வெட்டு. சுத்தமாக வெட்டிய நகங்கள்.

"நந்தினி சிஸ்டர்? வெயில்ல நிக்க வெச்சிட்டேனா?"

"இல்லண்ணா. இப்பத்தான் வந்தேன்."

"யாருக்கு, உங்களுக்கா?"

"தம்பிக்கு."

"நல்ல அக்கா" என்று சிரித்தான். பையிலிருந்து கைபேசியை எடுத்து அவள் கையில் வைத்தான். "பாருங்க. கேமரா பாருங்க, ஸ்பீக்கர் பாருங்க. நிதானமாப் பாருங்க. நாளைக்குத் திட்டக் கூடாது."

இது யாருடையது? உமைரா அதைத் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒருவர் இதில் தன் வீட்டோடு பேசியிருப்பார். இரவு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒரு குழந்தையிடம்.

"பில்லு இருக்காண்ணா?"

"ஊடு மாத்தினோம் சிஸ்டர். அதுல போச்சு."

ரயில்வே கேட் பக்கம் பார்த்தாள். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவில்லாமல், பெட்டி பெட்டியாக. அதற்கு அந்தப் பக்கம் எங்கேயோ சாராளின் ஜீப் நிற்க வேண்டும்.

"ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பறேன். கலரு புடிக்குதான்னு கேட்டுடலாம்" என்று தன் கைபேசியை எடுத்தாள். விற்கும் கைபேசியை அவன் கையிலேயே கொடுத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, எடுத்தாள். கை, சட்டை, முகம். எல்லாம் விழுந்தது.

அப்போதுதான் அவள் கைபேசி அடித்தது. திரையில் பெரிய எழுத்தில்: வாப்பா.

துண்டிக்க விரல் போனது. பயத்தில் பச்சையைத் தொட்டுவிட்டாள்.

"உமைரா! ஜும்ஆவுக்கு நேரமாச்சி. அர்ஷத் வந்து கூட்டிக்கினு போவானா மாட்டானா? மூணாவது ஷிஃப்டையும் அவனே பாக்கறானா? கம்பெனிய அவன் பேருக்கு எழுதிக் குடுக்கப் போறாங்களா இன்னா? ஊட்ல ஒரு ஆளு இல்ல, நான் ஒண்டியா எப்டி..."

அணைத்தாள். தாமதம். வெயிலில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது போல இருந்தது. ரயில் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவன் சிரிப்பு மாறவில்லை. மெதுவாகக் கையை நீட்டி அவள் கைபேசியை வாங்கிக்கொண்டான், கடைக்காரன் சில்லறை வாங்குவது போல.

"மூக்கு பாத்ததும் நெனச்சேன். பள்ளிவாசல் பையனோட அக்காவா?"

அவன் படத்தை அழித்தான். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்துக்கும் போய், அங்கேயும் அழித்தான். பழைய கைபேசி விற்பவனுக்கு அதெல்லாம் தெரியாமலா?

"போலீசு கூப்டாங்களா அவன? பாவம், சின்னப் பையன். உள்ள போனா ரெண்டு மாசத்துல வந்துடுவான், ஒன்னும் ஆவாது." கைபேசியைத் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "மொதல்ல என்ன ஊட்டுக்கே வரச் சொன்னான் தெரியுமா? லொகேஷன்லாம் அனுப்பினான். நான்தான் வேணாம், வாசல்ல பாத்துக்கலாம்னேன். மெயின் ரோட்லேந்து மூணாவது தெரு. மாடில பச்ச கலரு தண்ணி டேங்கு. வாப்பா ஒண்டியா இருக்காருன்னு இப்பதான் தெரியும்."

"அண்ணா..." அந்த வார்த்தை ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ யாரையும் பாக்கலம்மா. இங்க யாரும் வரல. சரியா?"

சாலையைக் கடந்தான். ஆபிதாவைத் தாண்டி, வண்டியை எடுத்து, அவசரமில்லாமல் போனான். ஐந்து நிமிடம் கழித்து ரயில்வே கேட் திறந்தது.

சாராள் ஜீப்பிலிருந்து குதித்தபோது உமைரா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் நகர்ந்திருந்தது.

"எங்கம்மா அவன்?"

"போய்ட்டான் மேடம்."

சாராள் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி. ஸ்டேஷனுக்கு வாங்க. நீ பாத்தத ஒன்னு விடாம எழுதணும்." அவர் ஜீப் முன்னால் போனது. ஆட்டோ ஒன்றைப் பிடித்து அம்மாவும் மகளும் பின்னால் போனார்கள்.

ஆட்டோவில் ஏறியதும் ஆபிதா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதுவது போல உதட்டை அசைத்தாள். ஓதல் இல்லை. "டி.என். இருபது..." வண்டி எண். எழுத்தும் எண்ணும் முழுதாக, இரண்டு முறை சொன்னாள். கண்ணைத் திறந்தாள். முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ஒரு வெளிச்சம்.

"பக்கத்துலயே நிறுத்தினான் பைத்தியக்காரன். பழவேற்காட்டுல எங்கூட்டுப் படகு நம்பரெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். என்கிட்டயா?" என்றாள்.

அப்போதுதான் உமைரா மற்றதைச் சொன்னாள். மூன்றாவது தெரு. பச்சைத் தொட்டி. வாப்பா தனியாக இருப்பது.

ஆபிதாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

ஸ்டேஷனில் உமைரா எல்லாவற்றையும் சொன்னாள். புருவத்து வெட்டு, நகம், மிரட்டல், எல்லாம். சாராள் எழுதிக்கொண்டார். பிறகு ஆபிதா பக்கம் திரும்பினார்.

"வண்டி உங்க பக்கத்துலதான் நின்னுச்சின்னு சொல்றா உங்க பொண்ணு. நம்பர் பாத்தீங்களாம்மா?"

"கண்ணு சரியா தெரியாது மேடம்."

பெஞ்சில் இருந்த அர்ஷத் நிமிர்ந்தான்.

"ஒரு நம்பர் கூடவா? கடைசி நம்பர்?"

"வயசாயிடுச்சி. தூரத்துல ஒன்னும் தெரியறதில்ல."

"உம்மா" என்றான் அர்ஷத். அவ்வளவுதான் சொன்னான். கெஞ்சவில்லை. உம்மாவின் கண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியும். மாடியிலிருந்து தெருமுனையில் வரும் ஆளைச் சொல்லிவிடுவாள்.

ஆபிதா மகனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஒரு பிள்ளை நான்கு சுவருக்குள் இருக்கிறான், காவலோடு. இன்னொரு பிள்ளையும் புருஷனும் ஒரு பச்சைத் தொட்டிக்குக் கீழே இருக்கிறார்கள். அவள் கணக்கு அவ்வளவு தெளிவாக முகத்தில் தெரிந்தது. உமைராவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"டி.என். இருபது" என்றாள் உமைரா.

"உமைரா!"

மகள் நிறுத்தவில்லை. கண்ணை மூடி, உம்மாவின் உதடு அசைந்ததை நினைவுக்குக் கொண்டுவந்து, எண்ணை முழுதாகச் சொன்னாள்.

சாராள் கைபேசியில் தட்டினார். "ஓனர் பேரு குணசுந்தரி. மணவாள நகர், திருவள்ளூர்." எண்ணைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த ஸ்கூட்டரா?" என்றது ஒரு களைத்த பெண் குரல். "அத போன வருசமே ஆன்லைன்ல வித்துட்டேனே மேடம்."

"பேரு மாத்திக் குடுத்தீங்களா?"

"அவரே மாத்திக்கிறேன்னாரு. தங்கமான மனுசன். எங்கூட்டுக்காரரு செத்து பதினாறு நாள் கூட ஆவல, இவரு வந்து போட்டோவுக்கு மாலை போட்டு, கும்பிட்டுட்டுதான் வண்டியவே பாத்தாரு. இப்ப கூட ஃபைன் எதனா என் பேருக்கு வந்தா அவரே கட்டிடுவாரு."

"அவரு போட்டோ இருக்கா?"

"சாவி குடுக்கும்போது எம்பொண்ணு பூமிகா ஒன்னு எடுத்தா, புது வண்டி வாங்கறாப்ல. அவரு வேணாம்னாரு, அவ கேக்கல." குரல் திடீரென்று நின்றது. "நீங்க ஏன் இதெல்லாம் கேக்கறீங்க? நீங்க போலீசுதான்னு எனக்கு எப்டி தெரியும்? எதிரூட்டு வாத்தியார இப்டித்தான் போலீசுன்னு சொல்லி ஏமாத்தினாங்க. போனை வையி!"

இணைப்பு போனது. மறுபடி கூப்பிட்டால், அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"சரியாத்தான் பண்றாங்க" என்றார் சாராள், கசப்பாக. "இப்டித்தான் பண்ணச் சொல்லி நாங்களே வகுப்பு எடுக்கறோம். அந்த ஊரு ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆளு அனுப்பறேன். அவங்களும் பந்தோபஸ்துலதான் இருப்பாங்க. எப்ப போவாங்களோ."

வாசலில் ஆபிதா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடி வலித்தது.

"நீ இன்னிக்கி ஊட்டுக்கு வராத."

"உம்மா, நான்..."

"அவன் மூஞ்சியப் பாத்தவ நீ. நான் வாப்பாவக் கூட்டிக்கினு பழவேற்காடு போறேன், எங்கண்ணன் ஊட்டுக்கு. நீ நந்தினி ஊட்ல இரு." கண்ணீர் வராத கண்களோடு மகளைப் பார்த்தாள். "என் வாயில இருந்ததப் புடுங்கிக் குடுத்துட்டே. நல்லதோ கெட்டதோ, இனிமே ஒன் பொறுப்பு."

கையை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காலையில் ஜீப்பில் போனவனும் இப்படித்தான்.

உமைரா நந்தினி வீட்டுக்குப் போகவில்லை.

திருவள்ளூர் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பெரியபாளையம் தாண்டி வயல்களுக்கு மேல் மேகம் கட்டியிருந்தது. சாராளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'மணவாள நகர் போறேன். அந்தப் போட்டோவ வாங்கிடறேன்.' ஒற்றை டிக்தான் விழுந்தது. வழியெல்லாம் அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்தாள். எப்படி எழுதினாலும், முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் வந்து நின்று உதவி கேட்கிற கதையாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட கதையை யார் நம்புவார்கள்?

ஐந்தரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்னால் இரும்புக் கிரில். உள்ளே கூடத்தில் மாலை போட்ட ஒரு படம், சின்ன சிவப்பு விளக்கு.

குணசுந்தரி ஜன்னலைப் பாதி திறந்தாள். நாற்பத்தைந்து வயது. நெற்றியில் பொட்டு இல்லை.

"யாரு?"

"என் பேரு உமைரா. கும்மிடிப்பூண்டி. உங்களுக்கு என்னத் தெரியாதுக்கா. உங்க வண்டிய வாங்கினவரு எந்தம்பிய ஒரு கேசுல மாட்டி உட்டுட்டாரு. பொண்ணு எடுத்த அந்தப் போட்டோ இருந்தா..."

"மத்தியானத்துலேந்து இதே பேஜாரா இருக்கு. நீயும் அந்தக் கும்பலா?"

உமைரா ஆதார் அட்டையை எடுத்துக் கிரில்லுக்குள் நீட்டினாள். குணசுந்தரி தொடவில்லை. தூர நின்றே பார்த்தாள். அட்டையில் முக்காடு போட்ட ஒரு முகம். வாசலில் நின்றவள் நெற்றியில் கோணலாக ஒரு பொட்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உமைராவின் கை நெற்றிக்குப் போனது. பிய்த்து எறிந்தாள். அது இன்னும் மோசமாகிவிட்டது என்று உடனே புரிந்தது.

"நம்ப வேணாம்க்கா. கதவும் தொறக்க வேணாம். காலைல ஆறரை வரைக்கும்தான் எந்தம்பிக்கு டைம் இருக்கு. நான் இந்தப் படியிலயே உக்காந்திருக்கேன். யோசிச்சிப் பாருங்க."

ஜன்னல் மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம்.

உமைரா படியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரும் இல்லை. உள்ளே குணசுந்தரி நடக்கும் சத்தம், பிறகு கைபேசியை உயிர்ப்பிக்கும் சின்ன இசை. மனம் மாறிவிட்டாள். படத்தைத் தேடுகிறாள் போல. உமைரா மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள்.

"அண்ணே, நான் மணவாள நகர் குணசுந்தரி பேசறேன். நல்லாருக்கீங்களா? ஒன்னுமில்லண்ணே, உங்க வண்டியப் பத்திக் கேட்டுக்கினு ஒரு பொண்ணு வந்து நம்ம ஊட்டு வாசல்ல உக்காந்திருக்கு. எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் வந்து இன்னான்னு கேக்கறீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமாண்ணே. தனியாத்தான் வந்திருக்கு."